கிரீன் பே பேக்கர்ஸ்: யாரை எடுப்பது, யாரை விடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010 செப்டம்பரில் வேலைக்காக மில்வாக்கிக்கு வந்தேன். அந்த சீசன் முடிவில், 2011 பிப்ரவரியில், விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸ், சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அன்று ஒட்டிக்கொண்ட அணி இன்றுவரை என்னை விடவில்லை. அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்த நண்பர்களும், வருடக்கணக்கில் பார்த்தும் டிராஃப்ட் புரியாதவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எழுதுவது 2026 ஜனவரி கடைசியில். ஏப்ரல் டிராஃப்டுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

முதலில், இந்த டிராஃப்ட் என்பது என்ன? ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் காசு இருப்பவர் கை ஓங்கும். டிராஃப்டில் தோற்றவர் முதலில் நிற்பார். என்எஃப்எல் என்ற இந்த லீகில் 32 அணிகள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு, சூப்பர் பௌல் வென்ற அணிக்குக் கடைசித் தேர்வு. இப்படி ஏழு சுற்று. எடுக்கப்படுபவர்கள் எல்லாரும் கல்லூரி ஆட்டத்திலிருந்து வருபவர்கள். எந்த அணிக்குப் போவது என்பது வீரர் கையில் இல்லை. சம்பளமும் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்பே முடிவாகிவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். புதியவர்களின் முதல் ஒப்பந்தம் நான்கு வருடம், முதல் சுற்றில் வந்தவர்களுக்கு மட்டும் ஐந்தாம் வருடத்தையும் அணி சேர்த்துக்கொள்ளலாம். அணி மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது 27.92 கோடி டாலர். ஆகவே மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும் நல்ல இளைஞன்தான் ஒரு அணியின் உண்மையான சொத்து. யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற எல்லாச் சண்டையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

32 அணியில் பேக்கர்ஸைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

கிரீன் பேயின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம்தான். அந்த ஊருக்கு 1919-லிருந்து ஒரு அணி. அதற்கு முதலாளி என்று ஒரு கோடீஸ்வரர் கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்குக்கு லாபத்தில் ஒரு காசு வராது, விற்கவும் முடியாது. கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி வைப்பார்கள். என் பக்கத்து வீட்டில் இருக்கிறது, போகும்போதெல்லாம் பார்ப்பேன்.

முதலாளி இல்லாததால், அடுத்த வருடமே கோப்பை வேண்டும் என்று மேசையைத் தட்டுகிற ஆள் இல்லை. அதனால்தான் பொறுமையாக ஆளை வளர்க்கிற பழக்கம் இங்கே வேரூன்றியது என்பது என் எண்ணம்.

2020-ல் ஜோர்டன் லவ்வை எடுத்தது சரிதானா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். சரி என்பது என் பதில். ஆனால் அன்று இரவு எனக்கு வயிறு எரிந்தது உண்மை.

நிலைமையை நினைத்துப் பாருங்கள். 2019 சீசனில் அணிக்கு 13 வெற்றி, 3 தோல்வி. லீகின் ஒரு பாதியான என்எஃப்சியின் இறுதியாட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோல்வி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸுக்கு 36 வயது, கை இன்னும் உறுதி. டவான்டே ஆடம்ஸைத் தவிர நம்பிப் பந்து எறிய ரிசீவர் இல்லை. ஊரே ரிசீவர் ரிசீவர் என்று காத்திருந்தது. ரிசீவர்களில் ஜஸ்டின் ஜெஃபர்சன் 22-வது இடத்தில் போய்விட்டார், பிராண்டன் ஐயூக் 25-ல் போனார். பொது மேலாளர் பிரையன் கூட்டகுன்ஸ்ட் தன் 30-வது இடத்தோடு நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் மயாமிக்குக் கொடுத்து 26-க்கு ஏறினார். ஏறி எடுத்தது யூட்டா ஸ்டேட் கல்லூரியின் குவார்ட்டர்பேக் லவ்வை. இன்னொரு ரிசீவர் டீ ஹிக்கின்ஸ் 33-ல் சின்சினாட்டிக்குப் போனார்.

இது 2005-ல் நடந்ததன் மறுபதிப்பு. அப்போது பிரெட் ஃபார்வுக்கு 35 வயது. முதல் இடத்துக்கே பேசப்பட்ட ராட்ஜர்ஸ் 24 வரை நழுவி வந்தார், பேக்கர்ஸ் எடுத்தது. மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்தார். 2008-ல் ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போக, ராட்ஜர்ஸ் வந்தார். அன்றும் இதே திட்டு விழுந்தது. பதினைந்து வருடத்துக்கு அணிக்குக் குவார்ட்டர்பேக் கவலையே இல்லை.

லவ்வும் மூன்று வருடம் உட்கார்ந்தார். நடுவில் ராட்ஜர்ஸ் 2020, 2021 இரண்டிலும் எம்விபி, அதாவது லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். தேர்வு வீண் என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று அப்போது நானும் பேசினேன். 2023 ஏப்ரலில் ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்குப் போனார். முதல் முழு சீசனிலேயே லவ் 4,159 யார்டு, 32 டச்டவுன் (பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி கிடைப்பது), 11 இன்டர்செப்ஷன் (எறிந்ததை எதிரணி பிடித்துக்கொள்வது). ஏழாவது தரவரிசையில் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குப் போய், டல்லாஸை அவர்கள் மைதானத்திலேயே 48-32 என்று அடித்தார்கள்.

வீட்டில் கூரை ஒழுக ஆரம்பித்த பிறகு ஓடு தேடுகிறவர்கள் எத்தனை அணிகள்! அவர்கள் பத்து வருடமாகக் குவார்ட்டர்பேக் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டிராஃப்ட் இன்றைய ஓட்டையை அடைக்க அல்ல, இரண்டு வருடம் கழித்துக் காலியாகப் போகிற நாற்காலிக்கு ஆள் பார்க்க. நான் நம்புவது அதைத்தான்.

அப்படியானால் 2020 டிராஃப்ட் முழுவதும் சரி என்கிறீர்களா?

இல்லவே இல்லை. முதல் சுற்றில் வருங்காலத்தைப் பார்த்தது சரி. அதன் பிறகு இரண்டாம் சுற்றில் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் ஏ.ஜே. டில்லன், மூன்றாம் சுற்றில் ஜோசையா டிகுவாரா. அந்த வருடம் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை, ஏழு சுற்றிலும்! 36 வயதுக்காரருக்குப் பின்னால் வாரிசை உட்கார வைத்துவிட்டு, அவருக்கு ஒரு துணைகூடத் தேடித் தராமல் இருந்தது பெரிய தவறு. அடுத்த ஜனவரியில் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்டில் டாம்பா பேயிடம் 31-26 என்று தோற்றபோது நான் முதலில் நினைத்தது இதைத்தான்.

ஒரு கல்லூரி வீரரை நீங்கள் எப்படி எடைபோடுகிறீர்கள்?

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் எல்லாரையும் ஓட வைத்து, குதிக்க வைத்து, கை நீளம் வரை அளப்பார்கள். 40 யார்டு ஓட்டம் எத்தனை வினாடி என்பதுதான் தொலைக்காட்சியில் பெரிய செய்தி. பேக்கர்ஸுக்கு இந்த அளவுகள் மீது நல்ல பிடிப்பு உண்டு. உயரம், எடை, வேகம் மூன்றும் சேர்ந்து வந்தால் விடமாட்டார்கள்.

நான் அளவுகளை ஒதுக்குவதில்லை. அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த அணியின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1989-ல் இரண்டாவது இடத்தில் டோனி மாண்டரிச் என்ற பிரம்மாண்டமான டாக்கிளை, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்பவரை எடுத்தார்கள். மூன்றாவது பேரி சாண்டர்ஸ், நான்காவது டெரிக் தாமஸ், ஐந்தாவது டியான் சாண்டர்ஸ். மூவரும் புகழ்க்கூடத்தில் இருக்கிறார்கள். மாண்டரிச் மூன்று சீசன் ஆடிவிட்டு அணியிலிருந்து போனார். கல்லூரி நாட்களில் ஸ்டீராய்டு எடுத்ததைப் பல வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

நான் முதலில் பார்ப்பது, ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவில் அந்தப் பையனைச் சுற்றி என்ன மாறியது என்பதை. லவ்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் 32 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். 2019-ல் 20 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். இரண்டாவது வரியை மட்டும் படித்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஆனால் அந்த இடைவெளியில் பயிற்சியாளர் மாறிவிட்டார், கூட ஆடிய முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். எறிகிற கை அதே கைதான். இதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கிரீன் பேயில் இருந்தார்.

இன்னொன்று, தப்பு செய்த அடுத்த நிமிடம் அவன் என்ன செய்கிறான் என்பது. கிறிஸ்டியன் வாட்சனை மறக்க முடியாது. நார்த் டகோட்டா ஸ்டேட், அதாவது கல்லூரி ஆட்டத்தின் இரண்டாம் தட்டிலிருந்து வந்தவர். 6 அடி 4 அங்குலம், 40 யார்டை 4.36 வினாடியில் ஓடியவர். 2022-ல் 53, 59 என்ற இரண்டு தேர்வுகளை மினசோட்டாவுக்குக் கொடுத்து 34-க்கு ஏறி எடுத்தார்கள். முதல் ஆட்டம் அதே மினசோட்டாவுடன். அதில் அணி பந்தைத் தொட்ட முதல் நகர்விலேயே வாட்சன் தடுப்பவரைத் தாண்டிப் பல அடி முன்னால் ஓடுகிறார், முன்னால் ஒருவரும் இல்லை. ராட்ஜர்ஸ் எறிந்த பந்து அழகாக வளைந்து வந்து இரண்டு கைக்கும் நடுவில் விழுகிறது. நழுவ விட்டார். 75 யார்டு டச்டவுன் தரையில் உருண்டது. கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த வாரம் முழுக்க அவரைக் கிழித்தார்கள். நவம்பரில் டல்லாஸ் லாம்போவுக்கு வந்தது. நான்காம் கால்பகுதி தொடங்கும்போது 14 புள்ளி பின்தங்கியிருந்தோம். வாட்சன் அன்று பிடித்தது மூன்று டச்டவுன். கூடுதல் நேரத்தில் 31-28 என்று ஜெயித்தோம். 2025 ஜனவரியில் முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தபோதும் அதே மாதிரித்தான், அந்த அக்டோபரிலேயே திரும்பி வந்து ஆடினார். இப்படிப்பட்டவனை எந்த ஓட்டக் கடிகாரமும் காட்டித் தராது.

உங்களுக்கு அதிகம் வலித்த தேர்வு எது?

2017, டி.ஜே. வாட்.

வாட் விஸ்கான்சின் மாநிலத்துப் பையன். பிறந்து வளர்ந்தது மில்வாக்கிக்குப் பக்கத்தில், பிவாக்கியில். ஆடியது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். பேக்கர்ஸுக்கு 29-வது இடம், தேவைப்பட்டது குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற ஆள். எல்லாம் கூடி வந்தது. அவர்கள் 29-ஐ கிளீவ்லாண்டுக்குக் கொடுத்துவிட்டு 33-க்கு இறங்கினார்கள். 30-வதாக பிட்ஸ்பர்க் வாட்டை எடுத்தது. 2021-ல் வாட் ஒரே சீசனில் 22.5 சாக் (பந்தோடு நிற்கும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்து லீகின் சாதனையைச் சமன் செய்தார்.

33-ல் வந்தது, எதிரணி ரிசீவரைத் தடுக்கிற கார்னர்பேக் கெவின் கிங். நான் மேலே சொன்ன டாம்பா பே ஆட்டத்தில், முதல் பாதி முடிய சில வினாடி இருக்கும்போது ஸ்காட்டி மில்லரைத் தனக்குப் பின்னால் ஓட விட்டு டச்டவுன் கொடுத்தவர் கிங். கடைசியில் நம் கைக்குப் பந்து திரும்பவிடாமல் செய்த அபராதமும் அவர் மேல் விழுந்ததுதான். கிங்கைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. காயத்தோடு காயமாக ஆடியவர். கீழே இறங்கி ஒரு கூடுதல் தேர்வு வாங்குவது புத்திசாலித்தனம் என்று கணக்குப் போட்டவர்கள் தான் பதில் சொல்ல வேண்டும். கண் முன்னால் ஆள் நிற்கும்போது இறங்கக் கூடாது.

முதல் சுற்றில் வருபவர்கள்தான் முக்கியமா?

பார்ட் ஸ்டார் 1956-ல் 17-வது சுற்றில், 200-வதாக வந்தார். டொனால்ட் டிரைவர் 1999-ல் ஏழாம் சுற்று. டேவிட் பாக்டியாரி 2013-ல் நான்காம் சுற்று. இப்போதைய வலது டாக்கிள் ஸாக் டாம் 2022-ல் நான்காம் சுற்று. கல்லூரியில் சென்டராகவும் இடது டாக்கிளாகவும் ஆடியவரை, கை நீளம் போதாது என்று மற்றவர்கள் தள்ளினார்கள். 2025-ல் அவருக்கு நான்கு வருடத்துக்கு 8.8 கோடி டாலர் கொடுத்துத் தக்க வைத்தார்கள். போதுமா?

ஆகஸ்டில் 53 பேராகக் குறைப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

பயிற்சி முகாமுக்கு 90 பேர் வருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் 53 ஆக வேண்டும். வெட்டப்பட்டவர்களில் சிலரைப் பயிற்சிப் பட்டியலுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் மற்ற 31 அணிகளும் கை நீட்டலாம். ஆறாவது ரிசீவரா, பத்தாவது லைன்மேனா என்ற கேள்வியில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை இருக்கிறது.

கிரீன் பேயில் ஒரு பழக்கம் உண்டு. முகாம் நாட்களில் வீரர்கள் உடை மாற்றும் அறையிலிருந்து பயிற்சி மைதானத்துக்கு ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளில் போவார்கள். பிள்ளை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடுவான். சில வருடம் முன்பு என் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். பெரிய நட்சத்திரங்களைச் சுற்றிக் கூட்டம். ஓரமாக வந்த ஒரு இளைஞனைப் பார்த்து என் மகள் தன் ஊதா சைக்கிளை நீட்டினாள். முழங்கால் இரண்டும் காது வரை வர, அந்தப் பிஞ்சு சைக்கிளை மிதித்துக்கொண்டே அவளிடம் பள்ளி, வகுப்பு எல்லாம் விசாரித்துக்கொண்டு போனான். டிராஃப்டில் யாரும் எடுக்காமல் வந்த பையன். மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தபோது அவள் முதலில் தேடியது அவன் பெயரை. இல்லை. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து, "கடைசி ஐந்து பேர் யாராக இருந்தால் என்ன" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பிடித்த வீரர்களை ஏன் இப்படி அனுப்பிவிடுகிறார்கள்?

எல்லாரையும் ஒரே காரணத்துக்காக அனுப்புவதில்லை. 2022-ல் ஆடம்ஸ் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸுக்குப் போனது, கல்லூரியில் தன்னோடு ஆடிய டெரிக் காரோடு சேர வேண்டும் என்று அவரே விரும்பியதால். போக விரும்புகிறவரைக் கட்டி வைக்காமல், பதிலுக்கு முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் வாங்கியது நல்ல முடிவு. அந்த இரண்டாம் சுற்றுத் தேர்வுதான் வாட்சனை எடுக்கக் கொடுத்த 53.

ஆரோன் ஜோன்ஸ் விஷயம் வேறு. 2017-ல் ஐந்தாம் சுற்றில் வந்த ரன்னிங் பேக். இறந்துபோன அப்பாவின் சாம்பல் வைத்த பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆடி, ஒரு டச்டவுனில் அதைத் தொலைத்து, நள்ளிரவு தாண்டி அணியின் பயிற்சி உதவியாளர் மைதானத்துப் புல்லில் தேடிக் கண்டெடுத்துக் கொடுத்த கதை விஸ்கான்சினில் எல்லாருக்கும் தெரியும். டல்லாஸை அடித்த அந்த பிளேஆஃப் ஆட்டத்தில் 118 யார்டு, மூன்று டச்டவுன். இரண்டு மாதம் கழித்து, சம்பளத்தைக் குறைக்க ஒப்பவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதுவும் அவர் போய்ச் சேர்ந்தது எதிரி அணியான மினசோட்டாவில்!

அவருக்குப் பதில் வந்த ஜாஷ் ஜேக்கப்ஸ் 2024-ல் 1,329 யார்டு ஓடினார். ஜோன்ஸும் அங்கே 1,138 யார்டு ஓடினார். 29 வயது, முந்தைய சீசனில் ஆறு ஆட்டம் காயத்தில் போனது. கணக்கு அணியின் பக்கம்தான். ஆனால் முடிவு சரியாக இருந்தாலும், பேரம் பேசிய விதம் அந்த மனிதருக்குப் பொருத்தமாக இல்லை.

மைக்கா பார்சன்ஸுக்காக இரண்டு முதல் சுற்றுகளைக் கொடுத்தது உங்கள் கொள்கைக்கே எதிரானது இல்லையா?

ஆமாம், பொறுமையாக வளர்க்கிற அணி என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதை எப்படி ஆதரிப்பது என்று கேட்பது நியாயம். 2025 ஆகஸ்ட் 28. 2026, 2027 முதல் சுற்றுத் தேர்வுகளும் கென்னி கிளார்க்கும் டல்லாஸுக்கு. அங்கிருந்து வந்த, குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற பார்சன்ஸுக்கு நான்கு வருடத்துக்கு 18.8 கோடி டாலர்.

நான் ஆதரிக்கிறேன். முதல் சுற்று என்ற பெயரைப் பார்க்காமல், பேக்கர்ஸ் அதில் யாரை எடுத்தது என்று பாருங்கள். 2015-ல் டமேரியஸ் ராண்டல், 2019-ல் டார்னல் சாவேஜ், 2021-ல் எரிக் ஸ்டோக்ஸ். மூவரில் ஒருவருக்கும் இங்கே இரண்டாவது பெரிய ஒப்பந்தம் கிடைக்கவில்லை. நல்ல அணிக்கு வருவது இருபதுக்குப் பிந்தைய இடம், அங்கே கிடைப்பது பாதிக்குப் பாதி நம்பிக்கை. பார்சன்ஸ் நான்கு சீசனில் 52.5 சாக் எடுத்தவர், வயது 26. வாட்டை விட்ட கையால் இதையும் விடக் கூடாது.

டிசம்பரில் டென்வரில் அவர் முழங்கால் கிழிந்தது. அதுவரை 12.5 சாக். பிறகு அணி சரிந்து, ஜனவரியில் சிகாகோவில் 21-3 என்று முன்னால் இருந்த பிளேஆஃப் ஆட்டத்தை 31-27 என்று இழந்தது. உடனே "பார்த்தாயா" என்று செய்தி அனுப்பினார்கள். காயத்தை வைத்து முடிவை எடைபோடக் கூடாது. எடைபோட வேண்டியது கிளார்க்கைக் கொடுத்ததை. நடுவில் நின்று மூன்று பேரைத் தாங்குகிறவரைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு ஆள் வாங்காமல் சீசனைத் தொடங்கினார்கள். இரண்டு தேர்வைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இந்த ஏப்ரலில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதல் சுற்று இல்லை, ஆகவே இரண்டாம் சுற்றில் முதலில் வருவது டிஃபென்ஸின் நடுவில் நிற்க ஒரு கனமான ஆள். அடுத்து கார்னர்பேக். 2025 ஜூனில் ஜைரே அலெக்சாண்டரை விட்ட பிறகு அந்த இடத்தில் எதிரணி பயப்படுகிற ஒருவர் இல்லை. ரிசீவர் வேண்டாம். 2025-ல் மாத்யூ கோல்டனை 23-வதாக எடுத்தார்கள், 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் எடுத்த முதல் ரிசீவர். முதல் வருடம் அமைதியாகப் போனதால் அவரைத் தூக்கிப்போடச் சொல்பவர்கள் வாட்சனை நினைத்துக்கொள்ளட்டும்.

ஐந்து அல்லது ஆறாம் சுற்றில் ஒரு குவார்ட்டர்பேக். லவ்வுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். ஒரு குறையும் இல்லை. லவ்வுக்குப் பின்னால் இருக்கிற மாலிக் வில்லிஸை 2024-ல் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வுக்கு டென்னசியிலிருந்து வாங்கினார்கள். அந்த சீசனில் லவ் காயத்தில் இருந்தபோது இரண்டு ஆட்டத்தைத் தொடங்கி இரண்டையும் ஜெயித்துக் கொடுத்தார். மார்ச்சில் அவர் ஒப்பந்தம் முடிகிறது, வேறு எங்காவது முதல் ஆளாகப் போகத் தகுதியானவர். 1990-களில் பொது மேலாளர் ரான் வூல்ஃப், ஃபார்வ் உச்சத்தில் இருக்கும்போதே பின் சுற்றுகளில் குவார்ட்டர்பேக்குகளை எடுத்துக்கொண்டே இருந்தார். 1993-ல் மார்க் புரூனல், 1998-ல் மாட் ஹாசல்பெக், 1999-ல் ஆரோன் புரூக்ஸ். மூவரையும் இங்கே வளர்த்து, பிறகு வேறு அணிகளுக்குத் தேர்வு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஹாசல்பெக் சியாட்டிலை சூப்பர் பௌல் வரை கூட்டிப் போனார். வில்லிஸ் விட்டுப்போகிற குவார்ட்டர்பேக் அறையில் அப்படி ஒரு பையன் ஜூலைக்குள் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.